மிளகாய் இலைப்பேனைக் கிட்டத்தில் படம் எடுப்பது எப்படி?

மாடிச்செடி: தொட்டி மிளகாயில் கொழுந்து இலையெல்லாம் மேல்பக்கமாகச் சுருண்டு படகு மாதிரி நிற்குது. வெள்ளைத் தாளில் தட்டினால் மஞ்சளாகப் பொடிப்பூச்சி ஓடுது. மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி இலைப்பேன் (த்ரிப்ஸ்) தானான்னு படத்தை வச்சு உறுதி பண்ணணும். கையில் மொபைலும் கிளிப் மேக்ரோ லென்ஸும் இருக்கு. பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், 18-55 கிட் லென்ஸும் உண்டு. எதில் எடுத்தாலும் மங்கல்தான். எங்கே தப்பு?

பூதக்கண்ணாடி: மேலே சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். இலை கீழ்நோக்கிக் கவிந்து காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி (மைட்), அது 0.2 மி.மீ. அளவுதான், கிளிப் லென்ஸுக்குச் சிக்காது. இலைப்பேன் 1 மி.மீ. பக்கம் இருக்கும், முயற்சி பண்ணலாம்.

முதலில் போனில் மேக்ரோ மோடை அணைச்சிடுங்க. கிட்டே போனதும் பல போன்கள் தானாகவே அல்ட்ரா வைடு கேமராவுக்குத் தாவிடும். நீங்க கிளிப் மாட்டியது மெயின் கேமராவில். கிளிப் கொஞ்சம் விலகி உட்கார்ந்தாலும் படத்தில் ஒரு பக்கம் கரைஞ்சு போகும்.

அடுத்தது, போனைக் கையில் பிடிக்காதீங்க. இரண்டு டம்ளர் மேல் கிடத்துங்க. இலையைக் கிள்ளி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி கருப்பு அட்டையில் விரிச்சு, இரு முனையிலும் டேப் ஒட்டுங்க. சுருண்ட இலையில் பூச்சியின் தலை ஒரு மட்டம், வால் ஒரு மட்டம். மங்கலுக்குப் பாதிக் காரணம் இதுதான். ஃபோகஸுக்கு அட்டைக்கு அடியில் ஏ4 தாளை ஒவ்வொன்றாகச் செருகுங்க. ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. உயர்த்தும். 2 விநாடி டைமர் கட்டாயம்.

தலைகீழ்லென்ஸ்: டிஎஸ்எல்ஆர் இருக்கும்போது போன் எதுக்கு? 58 மி.மீ. ரிவர்ஸ் ரிங் வாங்கி கிட் லென்ஸைத் திருப்பி மாட்டுங்க. 55-ஐவிட 18 பக்கம் போனால்தான் பூச்சி பெரிசாகும், 28-இல் ஆரம்பிங்க.

திருப்பி மாட்டினால் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) கேமராவின் பேச்சைக் கேட்காது. அதனால் முதலில் நேராக மாட்டி, ஏவி மோடில் (அபெர்ச்சரை நாமே வைக்கும் மோட்) எஃப்/8 வைங்க. டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பட்டனை அழுத்திப் பிடிச்சபடியே, கேமரா ஆனில் இருக்கும்போதே லென்ஸைக் கழற்றினால் அபெர்ச்சர் இதழ்கள் அப்படியே நிற்கும்.

பூச்சி சென்சாரில் அசல் அளவைப்போல 2 மடங்காக விழும்போது எஃப்/8-க்குக் கால் மி.மீ. ஆழம்தான் தெளிவாக வரும். எஃப்/16-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துளையின் ஓரத்தில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுக்கக் கூர்மை போயிடும். மேனுவல் மோட், 1/200, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ். உள் ஃபிளாஷில் லென்ஸ் நிழல் விழும். லென்ஸ் முனையில் வெள்ளை தெர்மாகோல் தட்டைத் துளை போட்டு மாட்டுங்க.

மாடிச்செடி: விரிச்சு ஒட்டினதும் பூச்சி ஓடிடுதே?

பூதக்கண்ணாடி: இலையை டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் 3 நிமிஷம். ஃப்ரீசர் வேண்டாம். வெளியே எடுத்து வெயிலடிக்கும் மாடியில் திறந்தால் இலை வேர்க்கும், ஒவ்வொரு துளியும் ஃபிளாஷில் வெள்ளையாக மின்னும். நிழலான அறையில் திறங்க. சிறகோரத்தில் மயிர்வரிசை தெரிஞ்சால் இலைப்பேன்னு முடிவு பண்ணலாம். எந்த இனம்னு சொல்ல ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்கணும்.

தலைகீழ்லென்ஸ்: பூவையும் பிரிச்சுப் பாருங்க. 2021-இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயை அழிச்ச கரும் இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும். அதுக்குக் கருப்பு அட்டை உதவாது, வெள்ளை வைங்க.