பாகங்களைக் குறித்துக்கொள்ளக் கழற்றிய மேசைக் கணினி, மீண்டும் பூட்டியபின் திரையில் எதையும் காட்டவில்லை

கேள்வி

வணக்கம். நெடுநாள் பயன்பட்ட மேசைக் கணினி ஒன்றை முழுவதுமாகப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் பெயர், மாடல் எண், இணைப்பு வகை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். பிரிப்பதற்கு முன் பக்கத் தகட்டைத் திறந்து மூன்று படங்கள் எடுத்துக்கொண்டேன். பிறகு ராம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, மதர்போர்டு, அதிலிருந்த சிஆர்2032 பேட்டரி வரை அனைத்தையும் கழற்றினேன். பிராசசரின் மேலுள்ள எழுத்தைப் படிப்பதற்காக ஹீட் சிங்க்கையும் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) எடுத்து, இடையில் காய்ந்துபோயிருந்த, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிய பேஸ்ட் இட்டேன்.

மீண்டும் பூட்டியபின் பவர் பட்டனை அழுத்தினால் விசிறிகள் எல்லாம் சுழல்கின்றன. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை, பீப் ஒலியும் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மானிட்டர் கேபிள் மதர்போர்டிலேயே செருகப்பட்டிருக்கிறது.

இன்னொரு ஐயமும் உண்டு. ராம் மீதுள்ள ஒட்டுத்தாளில் பிசி3-10600 என்று அச்சிட்டிருக்கிறது. பிரிப்பதற்கு முன் மென்பொருளில் பார்த்தபோது 1333 என்று காட்டியது. குறிப்பேட்டில் எதை எழுதுவது?

முதல் மறுமொழி

இரண்டும் சரியானவையே. 1333 என்பது ஒரு வினாடியில் நடக்கும் தரவுப் பரிமாற்றங்களை மில்லியன் கணக்கில் சொல்வது. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 64 பிட், அதாவது 8 பைட் செல்வதால், 1333-ஐ 8-ஆல் பெருக்கி முழுமையாக்கிய எண்ணே 10600. அது வினாடிக்கு இத்தனை மெகாபைட் என்பதைக் குறிக்கிறது. இரண்டையும் எழுதி, டிடிஆர்3 என்ற ராம் வகை, 1.5 வோல்ட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 240 பின் (இணைப்பு முனைகள்) என்று மட்டும் எழுதி நிறுத்திவிட வேண்டாம். டிடிஆர்2 ராமுக்கும் 240 பின்தான், நடுவிலுள்ள வெட்டு மட்டுமே வேறு இடத்தில் இருக்கும்.

திரை வராததற்கு முதலில் ராமைச் சோதியுங்கள். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் இரு முனைகளிலும் உள்ள பிடிகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்திச் செருகிப் பாருங்கள். பீப் ஒலி இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. மதர்போர்டில் சிறிய ஸ்பீக்கர் இணைக்கப்படாவிட்டால் எந்தப் பழுதுக்கும் அது ஒலிக்காது.

கேட்டவர்

மிக்க நன்றி. ராம்களை ஒவ்வொன்றாக, இரண்டு ஸ்லாட்டுகளிலும் மாற்றிப் பார்த்தேன்; நிலைமை மாறவில்லை. ஸ்பீக்கர் இல்லை என்பது உண்மைதான். நான் மீண்டும் இணைத்தவை இவை: 24 பின் பவர் இணைப்பு, ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா தரவுக் கேபிளும் மின் கேபிளும், பிராசசர் விசிறியின் வயர், முன்பக்கப் பட்டன் வயர்கள்.

இரண்டாம் மறுமொழி

உங்கள் பட்டியலில் பிராசசருக்கு அருகில் செருக வேண்டிய 4 பின் இணைப்பு இல்லை. (சில மதர்போர்டுகளில் அது 8 பின்னாக இருக்கும்.) பிராசசருக்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரம் அந்த வழியாகவே வருகிறது. விசிறிகளுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வேறு வழியில் மின்சாரம் கிடைப்பதால் கணினி இயங்குவதுபோலத் தோன்றும். ஆனால் பிராசசர் வேலையைத் தொடங்கியே இருக்காது. நீங்கள் முன்பு எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு வயர்கள் கொண்ட சதுரமான இணைப்பாக அது தெரியும்.

கேட்டவர்

மூன்றாவது படத்தில், விசிறி வயருக்குப் பின்னால் பாதி மறைந்தபடி அது இருக்கிறது! பவர் சப்ளையிலிருந்து வரும் அந்த வயர் கேபினெட்டின் ஓரத்தில் செருகப்படாமல் கிடந்தது. இணைத்தவுடன் திரை வந்துவிட்டது. ஆனால் தேதி பழைய ஆண்டுக்குப் போயிருக்கிறது. விண்டோஸ் 7 தொடங்கும்போது நீலத்திரை ஒன்று மின்னி மறைந்து, கணினி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

இரண்டாம் மறுமொழி

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி அதற்குள் கவலைப்பட வேண்டாம்; விண்டோஸை மீண்டும் நிறுவவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றியதால் பயாஸ் (விண்டோஸுக்கு முன் இயங்கும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. விண்டோஸ் நிறுவப்பட்டபோது சாட்டா முறை (ஹார்ட் டிஸ்க்குடன் மதர்போர்டு பேசும் விதம்) ஏஎச்சிஐ என்று இருந்து, இப்போது பழைய முறையான ஐடிஇ என்று மாறியிருந்தால், தொடக்கத்தில் வேண்டிய டிரைவர் கிடைக்காமல் இப்படித்தான் நீலத்திரை வரும். அதிலுள்ள பிழைக் குறி 7பி என்று முடிந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். பயாஸுக்குள் சென்று சாட்டா முறையை ஏஎச்சிஐ என்று மாற்றி, தேதியையும் திருத்திச் சேமியுங்கள்.

குறிப்பேட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ராமின் அளவையும் ஹார்ட் டிஸ்க்கின் மாடல் எண்ணையும் எப்போது வேண்டுமானாலும் ஒட்டுத்தாளில் படித்துக்கொள்ளலாம். எந்த வயர் எங்கே செருகியிருந்தது, பயாஸில் எந்தத் தேர்வு இருந்தது என்பவற்றையோ கழற்றிய பாகத்தைப் பார்த்து அறிய முடியாது. ஆகவே அவற்றை முதலில் எழுதுவதே முறை. முன்பக்க வயர்களையும் விட்டுவிடாதீர்கள்: பட்டன் வயர்களை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும், விளக்குகளின் வயர்களுக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு.

கேட்டவர்

பிழைக் குறி 7பி என்றே முடிந்திருந்தது. ஏஎச்சிஐ என்று மாற்றியதும் விண்டோஸ் திறந்தது. கோப்புகள் யாவும் அப்படியே இருக்கின்றன. இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. பயாஸ் பக்கங்கள் ஒவ்வொன்றையும் படமெடுத்துவிட்டேன். 4 பின் இணைப்பை 24 பின் இணைப்புக்கு அடுத்த வரியிலேயே எழுதி, அது மதர்போர்டின் எந்த மூலையில் உள்ளது என்று வரைந்தும் வைத்திருக்கிறேன். முன்பக்க விளக்கு வயர்களின் முனைகளை இன்று மாலை குறித்துவிடுவேன்.