புதுப்பிப்பு: ஐந்து பொத்தான்களும் 5 என்றே காட்டிய சிக்கல்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்புக்குள் ஐந்து பொத்தான்களுக்கு எழுதிய ஃபங்ஷன்கள் (தனித்தனி நிரல்துண்டுகள்) அனைத்தும், 0 முதல் 4 வரை காட்டாமல், 5 என்றே காட்டுகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன், காரணம் தெளிவாகிவிட்டது. 'வார்' (var) என்ற சொல்லைக் கொண்டு அறிவித்த மாறி (சுற்று எண்ணை வைத்திருக்கும் பெயர்) லூப்புக்குள் அடங்காமல், அதைச் சூழ்ந்த ஃபங்ஷன் முழுவதற்கும் ஒன்றாகவே இருப்பதால், பொத்தானை அழுத்தும்போது ஐந்தும் லூப் முடிந்தபின் அதில் எஞ்சிய மதிப்பையே படிக்கின்றன. 2015-இல் மொழியில் சேர்ந்த 'லெட்' (let) ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறியைத் தருவதால், அந்த ஒரு சொல்லை மாற்றியதும் 0 முதல் 4 வரை சரியாக வந்தன.

எனினும் லூப்புக்கு வெளியே உருவாக்கிய ஒரே ஆப்ஜெக்டை (பல தகவல்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பை) ஐந்தும் பகிர்ந்ததால், ஒன்றில் செய்த மாற்றம் மற்றவற்றிலும் தெரிந்தது. மாறியின் எல்லை வேறு, அது சுட்டும் ஆப்ஜெக்ட் வேறு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மாறியை அறிவிக்கும் இன்னொரு சொல்லான 'கான்ஸ்ட்' (const) கூட மாறிக்கு வேறு மதிப்பு இடுவதைத்தான் தடுக்கும், ஆப்ஜெக்டின் உள்ளடக்கம் மாறுவதை அல்ல. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஆப்ஜெக்டை உருவாக்குகிறேன்.