விறையா டயர், குழையா டயர்: 'வின்டர் டயர்', 'சம்மர் டயர்' இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

திருவையாற்றிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கடுங்குளிர் நாடுகளில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதற்கான கையேட்டு வரைவில் 'வின்டர் டயர்' (குளிர்காலத்துக்கான டயர்) என்பதைப் 'பனி டயர்' என்று எழுதியிருக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் இதை மாற்றியே ஆகவேண்டும்.

நம் பக்கத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் சம்பாக் கதிரின் நுனியில் தொங்கும் ஈரம். வெள்ளையாக உதிர்வதையும் தரையில் கட்டிதட்டிக் கிடப்பதையும் அதே சொல்லின் தலையில் ஏற்றிவிட்டோம். அதைவிடப் பெரிய சிக்கல், படிக்கிறவர் இதைப் பனி கொட்டினால் மட்டும் மாட்டவேண்டிய டயர் என்று எடுத்துக்கொள்வார். சாலை காய்ந்து சுத்தமாகக் கிடந்தாலும், சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் சம்மர் டயரின் (வெயில்காலத்துக்கான டயரின்) ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் காரோடு வரும் அகல டயர்களில் இது இன்னும் மோசம். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே வண்டியை நகர்த்தினாலே பட்டனில் (டயரின் மேல்வரிகளில்) வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கும் ரகங்கள் உண்டு.

ஆகவே பெயர் பிடிமானத்தைச் சொல்லவேண்டும். 'குளிர்ப்பிடி டயர்' என்பது என் முன்மொழிவு.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, பனியைக் கைவிட்டது சரி. டயரின் மேல்வரிகளைப் 'பட்டன்' என்றே எழுதியதற்கும் நன்றி. பஞ்சர் கடையில் புழங்கும் சொல் அதுதான், தயவுசெய்து யாரும் அதைத் திருத்த வேண்டாம்.

'குளிர்ப்பிடி' மட்டும் இடிக்கிறது. 'குளிர் பிடிச்சிருக்கு' என்று பேச்சில் அன்றாடம் சொல்கிறோம். ப் போட்டு எழுதினால் 'குளிரில் பிடிப்பது' என்று இலக்கணம் காப்பாற்றும், வாய்ச்சொல்லில் காப்பாற்றாது.

அந்த டயருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் கெட்டியாவது மைனஸ் 70 டிகிரி அளவில்தான். அதனால் வின்டர் டயரின் கலவையில் அதைக் கூட்டிச் சேர்க்கிறார்கள், சிலிக்காவும் நிறையப் போடுகிறார்கள். பட்டன் ஒவ்வொன்றிலும் பிளேடால் இழுத்தாற்போல் மெல்லிய கீறல்கள் நெளிநெளியாக ஓடும். சக்கரம் உருளும்போது கீறல் வாய்திறந்து அதன் விளிம்பு பனியைக் கவ்வும். ரப்பர் விறைத்துவிட்டால் கீறல் திறக்காது, பிறகு கீறல் இருந்தும் பயனில்லை. ஆக அதன் உயிரே விறைக்காமல் இருப்பதுதான். வாடாமல்லி, அணையா விளக்கு என்கிறோமே, அந்த வரிசையில் 'விறையா டயர்' என்று வைக்கலாம். (டகரம் தமிழில் மொழிமுதலாகாது என்பதால் ஒற்று மிகவில்லை.)

சம்மர் டயருக்கு எதிர்ச்சொல்லாக 'இளகா டயர்'. 'கோடை டயர்' என்றால் நம் ஊரில் சித்திரை, வைகாசிக்கு மட்டும் என்றாகிவிடும். தஞ்சை மாவட்டத்துக்கு மார்கழியிலும் அதுதான் டயர்.

மயிலாடுதுறையிலிருந்து:

'விறையா' அருமை, தம்பி. அதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் 'இளகா' தப்பு. ஸ்போர்ட்ஸ் கார் டயர் ஓட ஓடச் சூடேறி, கொஞ்சம் இளகினால்தான் தாரைப் பற்றும். இளகவே கூடாது என்று பெயரிலேயே சொல்லிவிட்டால் நேர்மாறான பொருள் போய்ச் சேரும். கூடாதது குழைவது. பொன்னி அரிசி வேகவேண்டும், குழைந்துபோகக் கூடாது. அதே பதம்தான் இங்கும். விறையா டயரை மே மாதப் பகலில் ஓட்டினால் பட்டன்கள் குழைந்து, வளைவில் வண்டி நெளியும், தேய்மானமும் வேகம். எனவே 'குழையா டயர்' என்று வைப்போம்.

கையேட்டின் அந்தப் பக்கத்தில் விடுபட்டவை சில. நான்கு சக்கரத்துக்கும் விறையா டயர் போடவேண்டும். பின்சக்கரம் இழுக்கும் காரில் பின்னால் மட்டும் போட்டால் வண்டி நன்றாகக் கிளம்பும், வளைவில் முன்பக்கம் திரும்பாமல் நேரே போகும். முன்னால் மட்டும் போட்டால் பின்பக்கம் சுழற்றிக்கொண்டு வரும். 'முன்சறுக்கு', 'பின்சறுக்கு' என்ற நம் சொற்பட்டியலின் பழைய பதிவுகள் இதற்குப் பொருந்தும். நான்கு சக்கர இழுவை கிளம்பத்தான் உதவும், பிரேக் பிடிக்கும்போது கைகொடுக்காது. போர்ஷே 911-ல் எடையில் 60 விழுக்காட்டை ஒட்டிப் பின்சக்கரத்தின் மேல் இருப்பதால் பனியில் இழுவை நன்று. 1968, 69, 70 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மான்டி கார்லோ ராலியை வென்றது அந்த வண்டிதான்.

டயர்க் காற்று: வெப்பநிலை ஏறக்குறைய 5.5 டிகிரி குறைந்தால் அழுத்தம் 1 பவுண்டு இறங்கும். 20 டிகிரிக் கொட்டகையில் 33 வைத்த டயர், மைனஸ் 20-ல் வெளியே நின்றால் 26, 27-க்கு வந்துவிடும். இதையும் சேர்க்கவேண்டும்.

திருவாரூரிலிருந்து:

இரண்டு சொல்லுக்கும் என் ஒப்புதல். எஞ்சின் ஆயில் பக்கத்தில் ஒரு பிழை: 0டபிள்யூ-40 என்ற ஆயில் ரகப் பெயரில் டபிள்யூவை 'எடை' என்று மொழிபெயர்த்திருக்கிறது. அது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. மார்கழியில் புட்டிக்குள் உறைந்த தேங்காயெண்ணெயைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாதே, எஞ்சினுக்குள் அப்படி நின்றுவிடாமல் ஓடவேண்டும் என்பதற்கான எண். 0டபிள்யூ ஆயிலின் பாய்வை மைனஸ் 35-லும் மைனஸ் 40-லும் சோதிக்கிறார்கள். 'குளிர்ப்பாய்வு எண்' போதும்.

சுற்றிலும் சட்டமில்லாத கதவுக் கண்ணாடி பற்றியும் நாலு வரி வேண்டும். கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் தானாக இறங்கி, மேல்ரப்பரிலிருந்து விடுபடும். ரப்பரோடு உறைந்துவிட்டால் மோட்டார் முனகும், கண்ணாடி அசையாது. அந்த நிலையில் கதவை வலித்துத் திறந்தால் ரப்பர் கிழியும் அல்லது கண்ணாடி போகும். முதல்நாளே ரப்பரைத் துடைத்துக் காயவைத்து சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவவேண்டும். வெந்நீர் ஊற்றவே கூடாது: கண்ணாடி விரிசல் விடும், ஊற்றிய நீர் மறுபடி உறையும்.

திருவையாற்றிலிருந்து:

'குளிர்ப்பிடி'யைத் திரும்பப் பெறுகிறேன். மயிலாடுதுறை அம்மாவின் 'குழையா' எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பதிவு இப்படிப் போகிறது:

விறையா டயர்: 7 டிகிரிக்குக் கீழும் ரப்பர் இறுகாமல் பிடிமானம் தரும் டயர். பக்கச்சுவரில் மூன்று முகடு கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்திருக்கும். 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து மட்டும் உள்ளவற்றை ஜெர்மனி 2024 அக்டோபர் முதல் குளிர்கால டயராக ஏற்பதில்லை. பட்டன் உயரம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுக. எதிர்ச்சொல்: குழையா டயர். பட்டனில் ஆணி பதித்த 'ஆணி டயர்' வேறு, தனிப் பதிவு காண்க.