ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்களே, எந்தக் கருவி உண்மையில் கைகொடுக்கிறது?

கணக்கு டீச்சர்:
எக்ஸ்டென்ஷன் (பிரௌசரில் சேர்க்கும் சிறு கூடுதல் கருவி) எதையும் போடுவதற்கு முன், குரோமில் வகுப்புக்கென்று தனி புரொஃபைல் ஒன்று திறந்துகொள்ளுங்கள். வலது மேல் மூலையில் உங்கள் படத்தை அழுத்தினால் அந்த வசதி வரும். புக்மார்க், ஹிஸ்டரி, எக்ஸ்டென்ஷன் எல்லாம் புரொஃபைலுக்குப் புரொஃபைல் தனி. ஸ்கிரீன் ஷேர் செய்துகொண்டே முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்து அடித்தாலும், உங்கள் சொந்தத் தேடல்கள் பிள்ளைகள் கண்ணில் படாது.

கூகுள் மீட்டில் வீடியோ காட்டும்போது முழுத்திரையோ விண்டோவோ வேண்டாம். டேப்பைத் தேர்ந்தெடுத்து, டேப்பின் ஒலியையும் பகிரும் பொத்தான் இயங்குகிறதா என்று பாருங்கள். "மிஸ், சத்தம் வரல" என்ற புகாருக்கு விண்டோவைப் பகிர்வதுதான் பெரும்பாலும் காரணம்.

கூகுள் டாக்ஸில் வொர்க்ஷீட் கொடுப்பவர்களுக்கு: லிங்க்கின் கடைசியில் 'எடிட்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் அழித்துவிட்டு 'காப்பி' என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்புங்கள். திறக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி கிடைக்கும். மூலத்தில் யாரும் கைவைக்க முடியாது. பகிர்வு அனுமதி 'லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம்' என்று இருக்க வேண்டும், மாணவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் திறக்காது.

இயற்பியல் ஆசிரியர்:
டீச்சர் சொன்ன தனி புரொஃபைலில்கூட எக்ஸ்டென்ஷன்கள் நாலைந்துக்கு மேல் வேண்டாம். 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்பவற்றில் கூடுதல் கவனம் தேவை. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் விவரங்களுக்குள் போய், தள அணுகலை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். தி கிரேட் சஸ்பெண்டரை நினைவிருக்கும். பயன்படாத டேப்களை உறங்கவைக்கும் நல்ல கருவி, லட்சக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். கை மாறிய பிறகு கெட்டுப்போய், 2021 பிப்ரவரியில் கூகுளே அதை நீக்கியது. நேற்று நல்லதாக இருந்தது இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

அறிவியல் எடுப்பவர்களுக்கு, சோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்க உதவும் ஃபெட் சிமுலேஷன்கள்தான் என் முதல் பரிந்துரை. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கியது. பல சிமுலேஷன்கள் தமிழிலும் உள்ளன. பிரௌசரிலேயே ஓடும் எச்டிஎம்எல்5 வகையைப் பதிவிறக்கினால் ஒரே கோப்பு, இணையம் இல்லாமலே ஓடும். டேட்டா குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்தக் கோப்பையே அனுப்பி, குரோமில் திறக்கச் சொல்லுங்கள்.

தமிழாசிரியை:
பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கும். அவற்றைக் கூகுள் ஃபார்ம்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் வேறு குறிகளும் கலந்த குப்பைதான் வரும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மாற்றும் மென்பொருளில் மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்து, எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாமினியிலிருந்து மாற்றும்போது, இடையில் உள்ள ஆங்கிலத்தையும் அது பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். சென்டிமீட்டருக்கான 'சிஎம்' என்பது 'உஅ' ஆகும், கிலோவுக்கான 'கேஜி' என்பது 'மப' ஆகும். அலகுகள், சூத்திரங்களை விட்டுவிட்டுத் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுவதே நல்லது.

புதிதாகத் தட்டச்சு செய்ய டாக்ஸின் குரல் தட்டச்சு போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, மொழியைத் தமிழாக்குங்கள். நிறுத்தற்குறிகளைக் கையால்தான் போட வேண்டும்.

கணினி ஆசிரியர்:
கூகுளின் இணையக் கரும்பலகையான ஜாம்போர்டு 2024 இறுதியோடு நின்றுவிட்டது. அதற்கு மாற்றாகக் கரும்பலகை தேடுபவர்கள் எக்ஸ்காலிட்ரா என்ற தளத்தைப் பாருங்கள். கணக்கு திறக்க வேண்டாம். லிங்க் கொடுத்தால் மாணவர்களும் கூடவே வரையலாம். ஆனால் நீங்கள் வரைவது உங்கள் பிரௌசரின் சேமிப்பில்தான் இருக்கிறது. தள டேட்டாவை அழித்தால் பாடமும் போய்விடும். வகுப்பு முடிந்ததும் கோப்பாகச் சேமித்து டிரைவில் போட்டுவிடுங்கள்.

கணக்கு டீச்சர்:
நன்றி சார். அதில் வெறும் படமாக மட்டும் எடுத்தால் பொதுவாகப் பிறகு திருத்த முடியாது. எக்ஸ்காலிட்ராவின் சொந்தக் கோப்பு வடிவத்திலும் ஒரு பிரதி வேண்டும்.