ஜனவரியில் குல்மார்க், வண்டி ஸ்விஃப்ட்: எந்த ஸ்னோ செயின் வாங்குவது?

பாலாற்றங்கரை (வேலூர்):
ஜனவரியில் குடும்பத்தோடு காரிலேயே காஷ்மீர் போவதாக முடிவு பண்ணியாச்சு. சித்தூர், கடப்பா வழியாக கர்னூல் போய் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்துவிட்டால் அப்புறம் ஸ்ரீநகர் வரைக்கும் அதே ரோடுதான். வண்டி ஸ்விஃப்ட் பெட்ரோல், டயரில் 165/80 ஆர் 14 என்று போட்டிருக்கிறது. என் கவலையெல்லாம் தங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏறுகிற அந்த 13 கிலோமீட்டர்தான். பனி கொட்டினால் ஸ்னோ செயின் (பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுவது) இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்களாம். இங்கே ஆற்காடு ரோட்டு டயர் கடையில் கேட்டேன், டிராக்டருக்கா என்று கேட்கிறார். ஆன்லைனில் பார்த்தால் இரும்புச் செயின், கம்பி வடத்தில் செய்தது, துணி உறை, ஒயர் கட்டுகிற டேக் மாதிரி இழுத்து மாட்டும் பிளாஸ்டிக் பட்டை என்று பல ரகம். விலையும் சில நூறிலிருந்து பல ஆயிரம் வரை போகிறது. எதை வாங்கலாம்? நாலு சக்கரத்துக்கும் வேண்டுமா? ஏலகிரி, ஜவ்வாது மலையெல்லாம் ஓட்டியிருக்கிறேன், வளைவு பயமில்லை, பனிதான் பழக்கமில்லை.

ராணிப்பேட்டை ஒர்க்‌ஷாப்:
நாலுக்கும் வேண்டாம் சார், முன்னாடி இரண்டு போதும். உங்கள் வண்டியில் இன்ஜின் இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் அதுதான், பிரேக் அடித்தால் பாரம் விழுவதும் அங்கேதான். சின்ன காருக்குச் செயின் வாங்கும்போது எது ஸ்ட்ராங் என்று பார்க்கக் கூடாது, உள்ளே இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து வைத்துவிட்டு டயருக்குப் பின்னால் கையை விடுங்கள். டயரின் உள்பக்கத்துக்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் (சக்கரத்தைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர் தூண்) நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா? பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய், எந்தப் பக்கம் வளைந்து வருகிறது? அப்புறம் மறுபக்கம் ஒடித்து அதே மாதிரி பாருங்கள். நெருக்கமான வண்டிகளுக்கென்றே அமெரிக்கத் தரத்தில் 'எஸ்' என்று ஒரு வகுப்பு இருக்கிறது. அதற்கே பக்கவாட்டில் 30 மில்லிமீட்டரும் டயர் முகப்புக்கு மேலே 37 மில்லிமீட்டரும் இடம் வேண்டும். அதுவும் இல்லாமல் தடிமனான செயினைப் போட்டால், அது சுற்றும்போது பிரேக் ஹோஸை அறுத்துவிடும். மலை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியில் 7, 9, 12 என்று போட்டிருப்பது செயினின் தடிப்பு, மில்லிமீட்டரில். உங்களுக்கு 9, இடம் ரொம்பக் குறைவென்றால் 7. 12 எல்லாம் பெரிய வண்டிக்கு. பெட்டி மேல் உங்கள் டயர் சைஸ் அப்படியே அச்சாகி இருக்க வேண்டும், 'எல்லா ஹேட்ச்பேக்குக்கும் பொருந்தும்' என்று இருந்தால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பட்டை சேற்றில் மாட்டிய வண்டியை நாலடி நகர்த்த உதவும். ஏற்றத்தில் பட்டென்று அறுந்து வீல் ஆர்ச் உள்ளே அடிக்கும்.

ஆம்பூர் டு மான்ட்ரியல்:
துணி உறையைப் பற்றி யாரும் பேசவே இல்லையே, அதைத் தள்ளிவிடாதீர்கள். இடம் இல்லாத வண்டிக்கு அதுதான் நல்லது, எடையும் கிடையாது, வீட்டில் பெண்களே ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிடலாம். ஐரோப்பாவில் இதற்குத் தனித் தரமே வந்துவிட்டது. குறை ஒன்று உண்டு, பனி இல்லாத தார் ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்து கிழிந்துவிடும். மணாலி பக்கம் போகிறவர்கள் இதைக் கவனிக்கணும், அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர், உள்ளே பனியே கிடையாது, கழற்றாமல் போனால் அந்தப் பக்கம் வெளியே வரும்போது நூல்தான் மிஞ்சும்.

நாங்கள் இங்கே டயரையே மாற்றிவிடுகிறோம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயர் ரப்பர் இறுக ஆரம்பிக்கும், பனியே இல்லாவிட்டாலும் பிடிப்பு குறையும். உங்களுக்கு ஒரு வாரத்துக்காக நாலு டயர் வாங்குவது வீண் செலவு.

பழைய ஆர்மி டிரைவர் (கம்மவான்பேட்டை பக்கம்):
தம்பி, ஏலகிரியில் 14 வளைவும் ஏறினேன் என்கிற தைரியத்தோடு அங்கே போகாதே. இங்கே பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும், அங்கே சக்கரம் மட்டும்தான் நிற்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். லடாக்கில் லாரிக்குச் செயின் மாட்டிய கை இது. உறை பனியில் இரும்பு மாதிரி எதுவும் வராது, அது கடித்துக்கொண்டு ஏறும். இடம் இருந்தால் 9-ஐ வாங்கு, இல்லாவிட்டால்தான் துணி.

வாங்கியதும் வீட்டு வாசலிலேயே மாட்டிக் கழற்றிப் பழகு, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு. அங்கே கொக்கி டயருக்குப் பின்னால் இருக்கும், இருட்டாக இருக்கும், விரல் மரத்துப் போயிருக்கும். கம்பளிக் கையுறை நனைந்தால் போச்சு, பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை அதன் மேல் மாட்டிக்கொள். முட்டி போட ஒரு கோணிப்பை, தலையில் கட்டுகிற டார்ச். மாட்டி நூறு மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்கு, தளர்ந்திருக்கும். பெட்டியில் 50 வரை போகலாம் என்று இருக்கும், நீ 30-ஐத் தாண்டாதே. செயின் முன்னாடி மட்டும் இருப்பதால் இறக்கத்தில் பின்பக்கம் வாலாட்டும், கியரிலேயே இறங்கு. கறுப்புத் தார் தெரிந்தால் ஓரங்கட்டிக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் செயினும் போகும், டயரும் போகும்.

பாலாற்றங்கரை:
நன்றிங்க ஐயா. ஒடித்து வைத்து அளந்து பார்த்தேன், உள்பக்கம் இரண்டு விரல் நுழைகிறது, ஆனால் தாராளம் என்று சொல்ல முடியாது, ஸ்கேல் வைத்தால் 30-க்குக் கொஞ்சம் மேலே. மேலே 37 தாண்டி நிறைய இருக்கிறது. 7 சொல்லிவிடலாமா? டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிப்பு கூடும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

ராணிப்பேட்டை ஒர்க்‌ஷாப்:
7-ஏ வாங்குங்கள், விலை கூடத்தான், பரவாயில்லை. காற்றை இறக்கவே வேண்டாம், அது தானாக இறங்கும். ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் ஒரு பிஎஸ்ஐ குறையும். இங்கே 30 டிகிரியில் 33 பிடித்துவிட்டு அங்கே மைனஸ் 5-க்குப் போனால் 27-க்குப் பக்கத்தில் காட்டும். ஸ்ரீநகரில் காலையில் டயர் சூடாகும் முன்பே சரியான அளவுக்குப் பிடித்துவிடுங்கள், தளர்ந்த டயரில் செயினும் நழுவும்.

செயினைவிட முக்கியமாக ஒன்று. ரேடியேட்டரில் என்ன இருக்கிறது? நம்ம ஊர் வெயிலில் கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றியே ஓட்டுகிறோம். அங்கே ராத்திரி அது உறைந்து விரிந்தால் ரேடியேட்டர் வெடிக்கும், இன்ஜின் பிளாக்கும் விரிசல் விடலாம். கிளம்பும் முன் முழுசாக வடித்துவிட்டு புதுக் கூலன்ட் போடுங்கள். வைப்பர் தண்ணீரும் அப்படித்தான்.

பழைய ஆர்மி டிரைவர்:
ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதே, ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வை, வைப்பரைத் தூக்கி நிறுத்து. அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டே இருந்தால் காரைத் தங்மார்க்கிலேயே போட்டுவிட்டு அங்கே நிற்கிற செயின் போட்ட டாக்ஸியில் ஏறிப் போ. குழந்தைகளும் கூட வருகிறார்கள் இல்லையா?