கடை வேலை நாலு மாசம், சீட்டுக்காசு ரெண்டு மாசம்: யூகே ஸ்பவுஸ் விசா இப்பவே போடலாமா?

ஈஸ்ற்ஹாம்வாசி | 2025 ஆகஸ்ட் 11

வணக்கம். நான் பிரிட்டிஷ் சிற்றிசன், ஈஸ்ற்ஹாமில அக்கா வீட்டில இருக்கிறன். மனுசி கிளிநொச்சியில. அவவைக் கூப்பிட ஸ்பவுஸ் விசா போடவேணும்.

எனக்கு வேலை ரெண்டு. வெயார்ஹவுஸில மூண்டு வருசமா நிரந்தரம், வருசத்துக்கு 25,200 பவுண்ஸ். ஏப்ரல் 7இல இருந்து சனி ஞாயிறு ஒரு கடையில, மாசம் 500 அளவில வரும். பேஸ்லிப் (சம்பளத்துண்டு) தருவினம், காசு பாங்குக்குத்தான் வரும். சேமிப்பு 27,000 இருக்கு, அதில 11,000 ஜூனில சீட்டு எடுத்துப் போட்டது. விசாவுக்கு வருச வருமானம் 18,600 காணும் எண்டு ஒராள் சொல்லுறார், இன்னொராள் 29,000 எண்டுறார்.

எழுத்து (கலியாணப் பதிவு) போன டிசம்பரில முடிஞ்சுது, கோயில்ல தாலி கட்டினது இந்த ஜூனில. மனுசிக்கு 2023இல கனடா விசிற் விசா றிஜெக்ற் ஆனது. அதையும் எழுதவேணுமோ? அக்கா வீடு மூண்டு பெட்றூம், ஒரு ஹோல். அக்கா, அத்தான், 12 வயசு மகள், 7 வயசு மகன், நான். மனுசியும் வந்தால் இடம் காணுமோ? இந்த மாசமே போட்டிடலாம் எண்டு நினைக்கிறன்.

---

கணக்குப்பிள்ளை

இந்த மாதம் போடாதீர்கள் தம்பி. உங்களுக்கு வருமானம் காணும், திகதிதான் காணாது.

18,600 என்பது 2024 ஏப்ரல் 11க்கு முதலே பார்ட்னர் (துணை) விசா வழிக்குள் வந்துவிட்டவர்களுக்கு. அவர்கள் அதே துணையோடு விசாவை நீடிக்கும்போது பழைய கணக்குப் பார்க்கப்படும். இன்று புதிதாகப் போடுகிறவருக்கு 29,000, அதுவும் வரி பிடிக்க முதல் உள்ள தொகை.

சம்பளத்தை ஹோம் ஒபிஸ் (விசா கொடுக்கும் பிரிட்டிஷ் உள்துறை) இரண்டு விதமாகப் பார்க்கும். கணக்கில் காட்டும் முதலாளியிடம் ஆறு மாதம் முடிந்திருந்தால் கற்றகரி ஏ. முடியாவிட்டால் கற்றகரி பி. ஏயில், நிரந்தரச் சம்பளம் என்றால் கடைசி ஆறு மாதத்தில் ஆகக் குறைந்த மட்டத்தை எடுத்து ஒரு வருடத்துக்குப் பெருக்குவார்கள். மணித்தியாலக் கூலி என்றால் ஆறு மாதச் சராசரி. பியில் இரண்டு பரீட்சை. இன்றைய சம்பளம் வருடத்துக்கு 29,000 ஆக வரவேண்டும், அதோடு கடந்த 12 மாதத்தில் உண்மையாக உழைத்த தொகையும் 29,000ஐத் தொடவேண்டும்.

உங்கள் கடை வேலைக்கு நாலு மாதம்தான், ஆகவே இன்று போட்டால் பி. முதல் பரீட்சை: 25,200 + 6,000 = 31,200. பாஸ். இரண்டாவது: 25,200 + நாலு மாதக் கடைச் சம்பளம் 2,000 = 27,200. பெயில்.

சேமிப்பைப் பார்ப்போம். முதல் 16,000ஐ அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு மேலே உள்ளதை 2.5ஆல் பிரித்து வருவதைத்தான் வருமானத்தோடு கூட்டுவார்கள். வெயார்ஹவுஸ் சம்பளத்தை மட்டும் காட்டினால் குறை 3,800. அதை 2.5ஆல் பெருக்க 9,500, 16,000ஐக் கூட்ட 25,500. 27,000 இருக்கிறதே என்பீர்கள். ஆனால் காசு ஆறு மாதம் முழுக்க உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ கிடந்திருக்கவேண்டும். சீட்டுக்காசைக் கழித்தால் மிஞ்சுவது 16,000, அவர்கள் கணக்கில் அது பூச்சியம். அந்த வழி டிசம்பரில்தான் திறக்கும். அப்போதும் இந்த 11,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சீட்டுப் பிடித்தவரின் கொப்பித் துண்டைத் தவிர உங்களிடம் காட்ட என்ன இருக்கும்? இன்னொன்று: கற்றகரி பிக்குச் சேமிப்பு கைகொடுக்காது, பன்னிரண்டு மாதப் பரீட்சையில் அதைச் சேர்க்கமாட்டார்கள்.

கடை வழி முந்தித் திறக்கும். ஏப்ரலில் முழு மாதம் வேலை செய்யவில்லை, அதை விடுங்கள். மே முதல் ஒக்ரோபர் வரை ஆறு பேஸ்லிப். கடையிலிருந்து உங்களுக்குத் தேவை ஆறு மாதத்துக்கு 1,900தான்.

ஒன்று கேட்கவேண்டும். ஜூனில் கலியாணத்துக்கு ஊருக்குப் போனபோது வெயார்ஹவுஸில் சம்பளமில்லாத லீவா எடுத்தீர்கள்? ஒரு மாதப் பேஸ்லிப் 1,575 என்று விழுந்திருந்தால் அதை 12ஆல் பெருக்கி 18,900 என்றுதான் பார்ப்பார்கள். அப்படியென்றால் ஜூனைத் தாண்டி, ஜூலை முதல் டிசம்பர் வரை எண்ணவேண்டிவரும்.

---

ஈஸ்ற்ஹாம்வாசி

பெய்ட் லீவ்தான் அண்ணை. ஜூன் பேஸ்லிப்பிலயும் 2,100 இருக்கு. கடையில மட்டும் அந்த மாசம் 250தான் வந்தது.

---

கணக்குப்பிள்ளை

அப்ப பயமில்லை. கடைக்குச் சராசரிதானே: மற்ற ஐந்து மாதமும் 500 படி வந்தால் ஆறு மாதத்துக்கு 2,750, வருடத்துக்கு 5,500. மொத்தம் 30,700. நவம்பர் முதல் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டு வேலையையும் விடவும் கூடாது, மாறவும் கூடாது.

---

பேஸ்லிப் மாமா

தொகை சரிவந்தும் கடதாசியில விழுந்துபோற ஆக்கள்தான் கனக்க. ரெண்டு வேலைக்கும் தனித்தனியா மூண்டு சாமான் வேணும்: ஆறு மாசப் பேஸ்லிப், அதே ஆறு மாசத்துக்குப் பாங்க் ஸ்டேற்மென்ட், முதலாளியின்ர கடிதம்.

பேஸ்லிப்பில இருக்கிற நெற் (வெட்டுப் போக மிஞ்சிற) தொகை ஸ்டேற்மென்டில பென்ஸ் பிசகாமல் விழுந்திருக்கவேணும். கடைக்காரர் ஒரு மாசம் 300ஐப் பாங்கில போட்டு மிச்சத்தைக் கையில தந்தால், கையில தந்தது கணக்கில வராது, மற்றதிலயும் சந்தேகம் விழும். இனிமேல் கையில காசு வாங்காதேங்கோ. ரெண்டாவது வேலை எண்டபடியால் பீஆர் வரிக்குறியீடு போட்டு முழுச் சம்பளத்திலயும் 20 வீதம் வெட்டியிருப்பினம். அதைப் பார்த்துப் பயப்பிடத் தேவையில்லை, விசாவுக்குப் பார்க்கிறது கிறோஸ் (வரி பிடிக்க முதல் உள்ள) தொகை. ஆனால் கடைக்காரர் அந்தச் சம்பளத்தை எச்எம்ஆர்சிக்கு (வரித் திணைக்களத்துக்கு) அறிவிச்சிருக்கிறாரோ எண்டு உங்கட ஒன்லைன் வரிக்கணக்குக்குள்ள போய்ப் பாருங்கோ. ஹோம் ஒபிஸ் அங்க விசாரிக்கும். பேஸ்லிப் அடிச்சுக் குடுத்திட்டு அறிவிக்காமல் விடுற கடையளும் இருக்கு.

முதலாளி கடிதத்தில நாலு விசயம் கட்டாயம்: வருசக் கிறோஸ் சம்பளம், எப்ப இருந்து வேலை, இந்தச் சம்பளம் எப்ப இருந்து, என்ன மாதிரி வேலை (நிரந்தரமோ, தற்காலிகமோ, ஏஜென்சியோ). 'நல்ல பெடியன், நேரத்துக்கு வருவார்' எண்டு எழுதித் தருவினம், அது ஒண்டுக்கும் உதவாது. மூண்டாவது விசயம்தான் அடிக்கடி விடுபடுறது. நீங்களே நாலு வரியையும் எழுதி எச்ஆருக்கு ஈமெயில் அனுப்பினால் அவை லெற்றர்ஹெட்டில போட்டுத் தருவினம்.

ஸ்டேற்மென்ட் ஒன்லைனில எடுத்ததெண்டால் கிளைக்குப் போய்ப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்துவியுங்கோ. கிளை இல்லாமல் போன் அப்பில மட்டும் இருக்கிற பாங்க் எண்டால் ஸ்டேற்மென்ட் தங்கடதுதான் எண்டு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கோ.

அடுத்தது 28 நாள். ஆறு மாசக் கடதாசி முடியிற திகதிக்கும் விண்ணப்பத் திகதிக்கும் இடையில 28 நாளுக்கு மேல போகக்கூடாது. விண்ணப்பத் திகதி எண்டது ஒன்லைனில காசு கட்டிச் சமர்ப்பிக்கிற நாள், கைரேகை குடுக்கிற நாள் இல்லை.

---

வன்னியாள்

தங்கச்சியின்ர (உங்கட மனுசியின்ர) பக்கத்து வேலையளை நான் சொல்லுறன். முதல்ல அவவின்ர பாஸ்போட் முடியிற திகதியைப் பாருங்கோ. கிட்டடியில முடியிறதெண்டால் முதல் அதை மாத்துங்கோ, மற்றதெல்லாம் பிறகு. இங்கிலீஸ் சோதனைக்கும் ரிபி (காசநோய்) பரிசோதனைக்கும் பாஸ்போட்டைத்தான் காட்டவேணும், அதின்ர இலக்கம்தான் அங்க பதியும். இடையில பாஸ்போட் மாறினால் வீண் விளக்கக் கடிதம் எழுதவேண்டிவரும். கலியாணம் முடிஞ்சதெண்டு பேர் மாத்திப் புதுப் பாஸ்போட் எடுக்கத் தேவையில்லை. தகப்பன் பேரோடயே வரலாம்.

இங்கிலீஸ் ஏ1 மட்டம், பேசுறதும் கேட்கிறதும் மட்டும்தான். ஐஈஎல்ரிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் (IELTS Life Skills) எண்டு கேட்டுப் பதியுங்கோ. வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதுற சாதாரண ஐஈஎல்ரிஎஸ்ஸில 7 எடுத்தாலும் இதுக்குச் செல்லாது. கனபேர் காசை விடுறது இதிலதான். சோதனையில இன்னொரு ஆளோட சோடியா இருத்திக் கதைக்க விடுவினம், கால் மணித்தியாலம் சொச்சம், பாஸ் இல்லாட்டி பெயில். தங்கச்சிக்கு இங்கிலீஸ் ஓரளவு ஓடுமெண்டால் நேரா ஏ2 எழுதட்டும். ரெண்டரை வருசத்தில விசா நீடிக்கேக்க ஏ2 கேப்பினம், அப்ப திரும்ப எழுதத் தேவையில்லை. இங்கிலீஸ் மீடியத்தில டிகிறி முடிச்சவ எண்டால் எக்டிஸ் (வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கிற நிறுவனம்) மூலம் உறுதிப்படுத்தி எடுத்தால் சோதனையே வேண்டாம்.

ரிபி பரிசோதனை கொழும்பில ஐஓஎம்மில (சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பில). சான்றிதழ் ஆறு மாசம்தான் செல்லும், அதால ஒக்ரோபரில போகட்டும், இப்ப வேண்டாம். எக்ஸ்றேயில ஏதும் தழும்பு கண்டால் சளி எடுத்து வளர்த்துப் பார்ப்பினம், அது ரெண்டு மாசம் அளவில இழுக்கும். பழைய சளி வருத்தம் இருந்த ஆளெண்டால் செப்டெம்பரிலயே போறது நல்லது. கர்ப்பம் எண்டு சந்தேகம் இருந்தால் எக்ஸ்றேக்கு முதலே சொல்லிப்போடவேணும்.

கலியாணத் திகதி எண்டு படிவத்தில கேக்கிற இடத்தில எழுத்து முடிஞ்ச திகதி. தாலி கட்டினது ஜூனில எண்டு கவர் லெற்றரில ஒரு வரி எழுதுங்கோ. இல்லாட்டிச் சேர்டிபிக்கற்றில டிசம்பர், அல்பத்தில ஜூன் எண்டு பார்க்கிறவனுக்குக் குழம்பும். தமிழ்ச் சேர்டிபிக்கற்றெண்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுங்கோ. 'சரியான மொழிபெயர்ப்பு' எண்ட உறுதி, திகதி, பேர், கையெழுத்து, தொடர்பு விபரம் எல்லாம் அதில இருக்கவேணும்.

உறவுக்கு ஆதாரமெண்டு முன்னூறு பக்கம் வட்சப் குடுக்கிறதில பிரியோசனமில்லை. தமிழில இருக்கிற சற்றை மொழிபெயர்க்காமல் குடுத்தால் எடுக்கமாட்டினம். கோல் லொக் நல்லது, திகதியும் நேரமும்தானே, மொழிபெயர்ப்பே தேவையில்லை. மாசத்துக்கு ரெண்டு பக்கம் காணும். படம் 15, 20, கீழ எங்க, எப்ப, ஆர் ஆர் எண்டு எழுதி. நீங்கள் அனுப்பின காசின்ர ரிசீற். உங்கட பாஸ்போட்டில கட்டுநாயக்க முத்திரை இருக்கிற பக்கங்கள்.

---

மூண்டாம்மாடி

கனடா மறுப்பைக் கட்டாயம் எழுதுங்கள். எந்த நாடு மறுத்திருந்தாலும் படிவம் கேட்கும். கனடாவும் பிரிட்டனும் குடிவரவுத் தகவலைப் பகிர்கிற நாடுகள். விசிற் விசா மறுப்பால் ஸ்பவுஸ் விசா விழாது, மறைத்தால் விழும். மறுப்புக் கடிதம் இருந்தால் அதையும் இணைத்து, காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். அதேபோல நீங்கள் முன்பு அகதி வழக்கிலோ குடியுரிமை விண்ணப்பத்திலோ கொடுத்த பெயர், பிறந்த திகதி, கலியாண நிலை இப்போது எழுதுவதோடு ஒத்துவருகிறதா என்று பழைய பைலை எடுத்துப் பாருங்கள். உங்கள் பைல் அவர்களிடம் இருக்கிறது.

வீடு காணும். சட்டத்தில் ஹோலும் படுக்கக்கூடிய அறைதான், ஆகவே உங்களுக்கு நாலு அறை. நாலு அறைக்கு ஏழரைப் பேர். பத்து வயதுக்குக் கீழே அரை ஆள், ஒரு வயதுக்குக் கீழே கணக்கில்லை. அக்கா, அத்தான், மகள், நீங்கள், மனைவி ஐந்து, மகன் அரை, மொத்தம் ஐந்தரை. மகன் பத்து வயதைத் தாண்டினால் 12 வயது மகளோடு ஒரே அறையில் படுக்கவேண்டி வந்தால் அதைச் சட்டம் நெரிசல் என்று எடுக்கும், அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அறையின் பரப்பையும் அளந்துவையுங்கள்: 110 சதுர அடி இருந்தால் இரண்டு பேர், 70க்கும் 90க்கும் இடையில் என்றால் ஒராள்தான். பொக்ஸ் றூமை (ஆகச் சின்ன அறையை) பெரிய அறை என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் இருவருக்கும் ஒரு அறை தனியாக வேண்டும்.

அத்தானின் சொந்த வீடென்றால் அவருடைய சம்மதக் கடிதம், லாண்ட் றெஜிஸ்ற்றி (காணிப் பதிவகம்) பிரதி, கவுன்சில் ராக்ஸ் பில். வாடகை வீடென்றால் இன்னொராள் வந்து இருக்கலாம் என்று வீட்டுக்காரர் எழுதித் தரவேண்டும். அத்தானின் கடிதம் மட்டும் காணாது.

செலவு (2025 ஆகஸ்ட் கணக்கில்): விண்ணப்பம் 1,938, சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 படி மூன்று வருடத்துக்கு 3,105. விசா 33 மாதம்தான், ஆனால் மிச்ச ஒன்பது மாதத்தையும் முழு வருடமாக எடுப்பார்கள். ஆக 5,043 பவுண்ஸ். மறுத்தால் சுகாதாரக் காசு திரும்பி வரும், 1,938 வராது. முடிவுக்கு 12 கிழமை சொல்கிறார்கள். இந்தக் காசைச் சேமிப்பிலிருந்து தாராளமாக எடுக்கலாம், நீங்கள் சேமிப்பைக் காட்டப்போவதில்லையே.

---

ஈஸ்ற்ஹாம்வாசி

எல்லாருக்கும் நன்றி. வெயார்ஹவுஸ் சம்பளம் 28ஆம் திகதி வரும், கடை மாசக் கடைசி வெள்ளி. அப்ப எந்த நாள் காசு கட்டுறது?

---

பேஸ்லிப் மாமா

ஒக்ரோபர் கடைசி வெள்ளி 31. அந்தச் சம்பளம் ஸ்டேற்மென்டில விழுந்தாப்பிறகு நவம்பர் 3 திங்கள் பிறிண்ட் எடுத்து முத்திரை குத்துங்கோ. முதலாளிமார் ரெண்டு பேரிட்டயும் அந்தக் கிழமைத் திகதி போட்ட கடிதம் வாங்குங்கோ. வெயார்ஹவுஸ் பேஸ்லிப் 28ஆம் திகதியில இருந்து 28 நாள் எண்டால் நவம்பர் 25. அதுக்குள்ள கட்டவேணும். நான் எண்டால் 7ஆம் திகதிக்குள்ள கட்டிப்போடுவன். கடைக்காரர் கடிதத்தில ஒரு வரியை விட்டிருந்தாலும் திருப்பி வாங்க நாள் இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை

கட்டுகிற அன்று காலையில் அரசாங்க இணையத்தளத்தில் கட்டணத்தையும் வருமான எல்லையையும் ஒருக்கால் பாருங்கள். வருமான எல்லையைப் பற்றிக் குடிவரவு ஆலோசனைக் குழு இந்த ஜூனில் அறிக்கை கொடுத்திருக்கிறது. அரசாங்கம் விதியை மாற்றும்வரை 29,000தான்.

---

ஈஸ்ற்ஹாம்வாசி

சரி. எச்ஆருக்கு அந்த நாலு வரி ஈமெயில் இண்டைக்கே போகுது, ஒக்ரோபர் கடைசியில திரும்ப ஞாபகப்படுத்துறன். மனுசியின்ர பாஸ்போட் 2026 மார்ச்சில முடியுதாம், முதல் அதை மாத்தச் சொல்லியிருக்கிறன்.