தோட்டப்பாளையம் தாத்தா வீடு (குடும்ப வாட்ஸ்அப் குழு): ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 7:12

சேகர்: கலாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முதுகும் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை வாலாஜா டோல்கேட்டில் தினேஷ் காரைக் குட்டி யானை பின்னாலிருந்து இடித்தது இப்போது வேலையைக் காட்டுகிறது.

திவ்யா: ஐயோ அத்தை

சரோஜா: அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தாள். ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா எல்லாம் வாங்கினோமே

நடராஜன்: மூன்று நாள் கழித்து வலி வருமா? கேள்விப்பட்டதில்லை

மலர்: வரும்பா. என்னிடம் பிசியோவுக்கு வருகிற பாதிப் பேர் இப்படித்தான். பின்னாலிருந்து இடித்தால் உடம்பு முன்னால் போகும், தலை பின்னால் சாய்ந்து திரும்ப முன்னால் வரும். சதையும் நாரும் இழுபடும். அடுத்த நாள், அதற்கு அடுத்த நாள்தான் வீக்கம் ஏறும்

சேகர்: நேற்று எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நன்றாக இருக்கிறதாம்

நடராஜன்: அப்புறம் என்ன

மலர்: எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். சதை தெரியாது. சித்தி, கை விரல் மரத்துப் போகிறதா? கால் தளர்கிறதா? சிறுநீர் போவதில் மாற்றம் ஏதாவது?

கலா: இடது கை சுண்டுவிரல் லேசாக. மற்றதெல்லாம் இல்லை

மலர்: அது கூடினாலோ, மற்றது வந்தாலோ உடனே போக வேண்டும், ஞாயிறு என்று பார்க்காதீர்கள். கழுத்துப் பட்டையை நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டாம். தையல் மெஷினில் குனியவே கூடாது

திவ்யா: அத்தை என் ப்ளவுஸ்

திவ்யா: இல்லை இல்லை, உடம்பைப் பாருங்கள். சும்மா கேட்டேன்

கலா: பதினொன்றில் நாலு முடிந்தது கண்ணு. முகூர்த்தப் பட்டுக்குக் கை வைத்துத் தைத்துவிட்டேன், கொக்கிதான் பாக்கி

சரோஜா: புடவைக்கு ஒன்றும் ஆகவில்லையே? மடியில்தானே வைத்திருந்தாய்

காமாட்சி பாட்டி: (குரல் பதிவு, 0:41)

கார்த்தி: பாட்டி கேட்பது, டோல்கேட்டுக்கு யானை எப்படி வந்தது என்று

சேகர்: சித்தி, அது சின்ன லோடு வண்டி. அதற்குத்தான் குட்டி யானை என்று பெயர்

காலை 8:05

திவ்யா: அப்பா ஒன்பது நிமிடமாக டைப் பண்ணுகிறார். எல்லோரும் டீ குடித்துவிட்டு வாருங்கள்

மகாலிங்கம்: சேகர், முதலில் ஒன்று சொல். நேற்று டாக்டரிடம் என்ன சொன்னாய்? ரோட்டு விபத்து என்று சொன்னாயா? சொல்லியிருந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதி ஏ.ஆர். காப்பி கொடுத்திருப்பார்கள், போலீசுக்கும் தகவல் போயிருக்கும். 31 வருடம் கோர்ட்டில் கட்டு புரட்டியவன் சொல்கிறேன், நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதே அந்தக் காகிதத்தைத்தான். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கடைசி வரை பேசும்.

சேகர்: மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னேன் மாமா

மகாலிங்கம்: யார் சொல்லிக்கொடுத்தது?

சேகர்: தினேஷ்தான், ஆக்சிடென்ட் என்றால் கேஸாகிவிடும், அலைச்சல் என்றான்

மலர்: சபாஷ்

தினேஷ்: நல்லதுக்குத்தான் சொன்னேன் சித்தப்பா. அந்த டிரைவர் பாவம், காலில் விழாத குறை. ஐயாயிரம் கொடுத்தார், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்

மகாலிங்கம்: என்ன எழுதிக் கொடுத்தாய்

தினேஷ்: "இரு தரப்பும் சமாதானமாகிவிட்டோம், மேல்நடவடிக்கை வேண்டாம்" என்று. கையெழுத்து என்னுடையது

மகாலிங்கம்: நீ உன் பம்பருக்குக் கையெழுத்துப் போடலாம். கலாவின் கழுத்துக்குப் போட முடியாது. அவள் கையெழுத்து அதில் இல்லை, அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. அந்தக் காகிதம் அவளைக் கட்டாது.

கலா: என்னை எப்போது கேட்டிருக்கிறார்கள்

(பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை)

சரோஜா: கலா, இப்படிப் பேசாதே. உன்னை விட்டுவிட்டு நாங்கள் புடவை எடுத்திருக்கிறோமா

கலா: நடு சீட்டு எனக்குத்தான் என்று பதினெட்டு வருடமாக எழுதியே வைத்திருக்கிறது அண்ணி. அந்தக் காரில் நடு சீட்டில் தலை சாய்க்கிற மேடு இல்லை. திவ்யாவுக்கும் கார்த்திக்கும் ஒன்றும் ஆகவில்லை பாருங்கள்

மலர்: அது உண்மை. அந்த மேடுதான் தலை பின்னால் போகாமல் பிடிக்கும்

காலை 9:20

மகாலிங்கம்: பழையதை அப்புறம் பேசலாம். செய்ய வேண்டியது இது. இன்றைக்கே அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், நேற்று மாடிப்படி என்று சொன்னதையும் சேர்த்து. பொய்யை மறைத்தால்தான் கேஸ் சாகும், திருத்தினால் காயத்தோடு பிழைக்கும். நாளைக்கு ராணிப்பேட்டை மாவட்டப் போலீசில் புகார். புகார் தாமதமானதற்காக மட்டுமே மனுவைத் தள்ளக் கூடாது, காரணம் நியாயமாக இருந்தால் போதும் என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வலி பிறகு தெரிந்தது என்பது நியாயமான காரணம். அதற்காக மாதக்கணக்கில் உட்காராதே. 2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட ஆறு மாதக் கெடு. அதை எதிர்த்து வழக்கு நடக்கிறது, ஆனால் அதை நம்பி எவனும் தூங்கக் கூடாது.

சேகர்: ராணிப்பேட்டைக்கு வாய்தா வாய்தாவாக அலைய வேண்டுமா மாமா? 2019ல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து எதற்கும் அங்கே

மகாலிங்கம்: வேண்டாம். புகார்தான் அங்கே. மனுவை மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவில் கலா குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். சத்துவாச்சாரி கோர்ட்.

நடராஜன்: மாப்பிள்ளை, கல்யாணம் ஆவணியில். இந்த நேரத்தில் போலீஸ் ஸ்டேஷன் எதற்கு? தினேஷ் பாஸ்போர்ட் வேறு விண்ணப்பித்திருக்கிறான்

மகாலிங்கம்: எப்.ஐ.ஆர். குட்டி யானை ஓட்டியவர் மேல். தினேஷ் சாட்சி.

நடராஜன்: சாட்சி என்றாலும் கூப்பிடுவார்கள் அல்லவா

மலர்: அப்பா, இன்சூரன்ஸ் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்

நடராஜன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: நான் படித்துவிட்டேன் மாமா

சேகர்: என்ன இன்சூரன்ஸ்?

மலர்: அண்ணன் கார் இன்சூரன்ஸ் போன மாதம் 9ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால்தான் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்தது

தினேஷ் குழுவிலிருந்து வெளியேறினார்

சரோஜா: இவன் அப்படியே இவன் தாத்தா. கோபம் வந்தால் செருப்பு மாட்டிவிடுவான்

காலை 11:34

பாபு: இப்போதுதான் எழுந்தேன். 74 செய்தி. அத்தை எப்படி இருக்கிறீர்கள்? அம்மா, அம்பி கடைப் பூண்டு ஊறுகாய் அனுப்பச் சொன்னேனே

பாபு: இங்கே இங்கிலாந்தில் கழுத்து வலிக்கென்று அட்டவணையே இருக்கிறது. 2021 மே 31 முதல் நடந்த விபத்துக்கு இந்த விதி. மூன்று மாதத்துக்குள் ஆறிவிட்டால் 240 பவுண்டு, ஒன்றரை வருடத்துக்கு மேல் இரண்டு வருடம் வரை என்றால் 4,215. 2025 மே 31 முதல் நடக்கும் விபத்துக்குச் சுமார் 15 சதவீதம் கூட்டினார்கள். வக்கீல் இல்லாமல் நாமே இணையதளத்தில் போடலாம்

சேகர்: இரண்டு வருட வலிக்கு அவ்வளவுதானா

பாபு: முன்னால் இதைவிட அதிகம் கிடைத்தது. பொய்க் கழுத்துவலி பெருகிவிட்டது என்று சொல்லிக் குறைத்துவிட்டார்கள். உண்மையில் வலிப்பவனுக்கும் சேர்த்துக் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். மருத்துவ அறிக்கை வருவதற்கு முன்னால் எதிர்த்தரப்பு பணம் பேசி முடிக்கவே கூடாது

மகாலிங்கம்: ஐயாயிரம் வாங்கியவனுக்கு இதைச் சொல்

திவ்யா: அவர்தான் குழுவில் இல்லையே

மகாலிங்கம்: நம் ஊரில் அட்டவணை இல்லை, ஆனால் கணக்கு உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, கூட இருந்து பார்ப்பவர் செலவு, வேலை செய்யாத மாதங்களின் வருமானம், வலி வேதனை, இதெல்லாம் தனித்தனித் தலைப்பு. நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சதவீதம் கொடுத்தால்தான் பெரிய தொகை. உதாரணம்: கலாவுக்கு 47 வயது, 46 முதல் 50 வயதுக்குப் பெருக்கல் எண், அதாவது எத்தனை வருட வருமானம் என்ற கணக்கு, 13. மாதம் 15,000 சம்பாதிக்கிறாள், சம்பாத்தியத் திறனில் 10 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால் 15,000 பெருக்கல் 12 பெருக்கல் 13, அதில் 10 சதவீதம், 2,34,000. ஆனால் வெறும் சதைப் பிடிப்புக்கு அந்தச் சதவீதம் கிடைக்காது. நரம்பு, டிஸ்க் என்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால் பேச இடம் உண்டு. கனவு காணாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

சரோஜா: கலா மாதம் பதினைந்தாயிரமா சம்பாதிக்கிறாள்??

கலா: ஐப்பசியில் இருபதும் வரும் அண்ணி

சரோஜா: சொல்லவே இல்லையே

மகாலிங்கம்: அதைக் காட்ட ஏதாவது இருக்கிறதா அம்மா?

கலா: அளவு நோட்டு இருக்கிறது அண்ணா. தேதி, பெயர், கூலி எல்லாம். ஜிபேயில் வந்ததும் இருக்கிறது. இவரிடம் இருக்கும் கணக்கு அதில் பாதிதான்

சேகர்: என்ன?

மலர்: 😂

மகாலிங்கம்: அந்த நோட்டைப் பத்திரமாக வை. இன்றைக்கு முதல் எத்தனை நாள் மெஷினைத் தொடவில்லை என்றும் எழுது. 15 நாள் கடும் வலியோடு அன்றாட வேலை செய்ய முடியாமல் போனால் சட்டத்தில் அது கொடுங்காயம். 2024 ஜூலைக்கு முன் 20 நாளாக இருந்தது. கொடுங்காயம் என்று வந்தால் யார் தப்பு என்று நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டம் 164வது பிரிவில் இரண்டரை லட்சம் கேட்க வழி இருக்கிறது.

சேகர்: நேற்று ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் வந்து பேசினார். பத்து லட்சம் வாங்கித் தருகிறேன், முப்பது சதவீதம் போதும் என்றார். ஒரு எலும்பு முறிவு சேர்த்தால் சுலபம் என்றும் சொன்னார்

மகாலிங்கம்: இல்லாத எலும்பை முறிக்காதே. அவர் தரகர். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் பேசவே கூடாது, பார் கவுன்சில் விதி. பெண் என்பதால் கலாவுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, அதே கோர்ட் வளாகத்தில். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடித்தால் சீக்கிரம், ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு இல்லை. யோசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நடராஜன்: ஒரு வக்கீலாவது தினேஷ் காரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விடுவானா? எனக்கும் நாலு பேரைத் தெரியும் மாப்பிள்ளை

மகாலிங்கம்: அவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனி "முன்னால் போன கார் திடீரென்று பிரேக் போட்டது" என்று சொல்லும், வழக்கமான பாட்டு. கார் வரிசையில் நின்றுகொண்டிருந்தது என்றால் எடுபடாது. நின்றுதானே இருந்தது?

சரோஜா: நின்றுதான் இருந்தது. கொஞ்சம் சட்டென்று நின்றது

திவ்யா: அம்மா!

சரோஜா: உள்ளதைச் சொன்னேன். பேடாப் பெட்டிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன், என் பை விழுந்தது

திவ்யா: பேடா ஆற்காட்டில் வாங்கினோம், டோல்கேட்டுக்கு அப்புறம்

சரோஜா: அப்படியானால் அது முறுக்குப் பெட்டி

மகாலிங்கம்: இரண்டு வண்டியின் தப்பும் கலந்திருந்தால், பயணி யாராவது ஒருவரிடமே முழுத் தொகையும் கேட்கலாம், 2015ல் தீர்ப்பு இருக்கிறது. கலாவுக்குக் குறையாது. ஆனால் கொடுத்தவர்கள் தினேஷ் பங்கை அவனிடம் திரும்பக் கேட்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாததால் அவன் கைக்காசு. அதனால் டோல்கேட் கேமராப் பதிவை அழிவதற்கு முன் போலீஸ் மூலம் கேட்டு வாங்க வேண்டும். அவனுக்கும் அதுதான் நல்லது.

நடராஜன்: ஆகக் கடைசியில் என் பிள்ளைதான் குற்றவாளி. அப்பா நிலத்தை விற்றபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது

சேகர்: அண்ணா அதை எதற்கு இப்போது

பாபு: ஆரம்பித்துவிட்டது

நடராஜன்: சேகருக்குப் பாலாற்று ஓரம் போன பங்கு

கலா: மாமா, எனக்கு யார் காசும் வேண்டாம். கை மரத்துப் போனால் எனக்குத் தொழில் இல்லை. அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்

மாலை 5:48

சேகர்: அடுக்கம்பாறை போய் வந்தோம். ஏ.ஆர். போட்டார்கள். எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்குப் போலீஸ். வண்டி நம்பர்தான் சரியாகத் தெரியவில்லை. கார்த்தி எடுத்த படத்தில் கடைசி இரண்டு எண்ணில் அவன் கட்டைவிரல்

கார்த்தி: விரல் இல்லாத படம் ஒன்று இருக்கிறது. தினேஷ் அண்ணன் அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை

திவ்யா: கார்த்தி 👏

கார்த்தி: அதில் நம் காருக்கு முன்னால் பஸ் நிற்கிறது. எல்லா வண்டியும் நிற்கிறது

மகாலிங்கம்: அதை யாருக்கும் அனுப்பாதே, போனிலேயே இருக்கட்டும். நம்பரை மட்டும் அப்பாவிடம் சொல். எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

மலர் தினேஷைச் சேர்த்தார்

மலர்: படித்துக்கொள். பஸ் நின்றதாம்

தினேஷ்: அதைத்தான் அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டீர்கள்

தினேஷ்: சித்தி ஸாரி. நாளைக்கு எத்தனை மணிக்கு

மகாலிங்கம்: 9க்கு மேல். ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். அந்த ஐயாயிரத்தையும் சொல்லிவிடு, மறைக்காதே. இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 அபராதம் வரலாம், கட்டிவிடு.

நடராஜன்: நான் இன்னும் சரி சொல்லவில்லை

சரோஜா: யார் காரில் போகிறீர்கள்?

சேகர்: பஸ்ஸில்தான்

திவ்யா: அத்தை, கொக்கி நானே வைத்துக்கொள்கிறேன். ஊசி எண் என்ன?

காமாட்சி பாட்டி: (குரல் பதிவு, 1:06)

கார்த்தி: பாட்டி கேட்பது, யானைக்கு அடி பட்டதா என்று